நாலெழுத்து படிச்சவ

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நான் வரமாட்டேன் ஐயா. முதல்ல காப்பியக் குடிங்க, ஆறிப் போவும். வீடு தேடி வந்த சபை ஐயரை வெறுங்கையோட அனுப்புதாளேன்னு நினைக்காதீங்க. கோயில் தரையக் கூட்டச் சொல்லுங்க, வாரேன். அசன விருந்துக்கு மூட்டை மூட்டையா வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க, விடியுமுன்ன வந்து உக்காந்திருப்பேன். ஞாயிறு பள்ளிக்கு மட்டும் கூப்பிடாதீங்க.

"பம்பாயில யூதப் பிள்ளைகளுக்கே எபிரெயம் சொல்லிக் கொடுத்த அம்மா, நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு சங்கீதம் சொல்லிக் கொடுக்கமாட்டாங்களா"ன்னு எவரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. உண்மைதான். மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தேன். அதனாலதான் வரமாட்டேங்கேன்.

உக்காருங்க, சொல்லுதேன். இத எங்க வீட்டுக்காரவுககிட்டகூட முழுசாச் சொன்னதில்ல. அவுக போயும் ஆறு வருஷம் ஆவுது.

நீங்க படிச்ச மதுரையிலதான் நானும் வேதசாஸ்திரம் படிச்சேன். எங்க செட்டுல பொம்பளை ரெண்டே பேரு. எபிரெயத்துல எனக்கு எண்பத்தேழு மார்க். ஆம்பளைப் பயலுவ ஒருத்தனும் எழுபதைத் தாண்டலை. உங்க மார்க் என்ன ஐயா? சரி விடுங்க, சும்மா கேட்டேன். எண்பத்தேழு வாங்கி என்ன செய்ய? அப்ப பொம்பளைக்கு அங்கி கிடையாது, பிரசங்கபீடம் கிடையாது. கூடப் படிச்சவனெல்லாம் ஐயராயிட்டான். நான் ரயில்வே பிட்டருக்கு வாக்கப்பட்டு பம்பாய்க்குப் போயி இருபத்தஞ்சு வருஷம் சப்பாத்தி மாவு பிசைஞ்சேன். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

ஒரு தடவை எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து, பொழுது போகாம என் பழைய எபிரெய வேதாகமத்த வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஊசி போட வந்த நர்ஸ் அப்பிடியே நின்னுட்டா. "இது எங்க எழுத்துல்லா"ன்னா. ஃப்ளோரான்னு பேரு. யூதப் பொண்ணு. பாத்தா நம்ம ஆளு மாதிரிதான் இருப்பாங்க ஐயா. வீட்டுல மராத்தி பேசுவாங்க, மீனும் தேங்காயும் இல்லாம அவங்களுக்குச் சோறு இறங்காது. எத்தனையோ தலைமுறையா அங்கேயே இருக்க ஜனங்க. பாதிப் பேரு இஸ்ரவேலுக்குக் குடிபோயிட்டாங்க, மிச்சம் இருக்க பிள்ளைகளுக்கு ஜெபப் புத்தகத்த எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. ஃப்ளோராதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா.

ஊர் பேரு வேண்டாம். பம்பாய்க்கு வெளிய, ரயில்ல ஒரு மணி நேரம். சின்ன ஜெப ஆலயம். செக்ரட்டரி பேரு ரூபன் காக்கா. சிரிக்காதீங்க, காக்கான்னா அவங்க பாஷையில சித்தப்பா. பேரென்னன்னு கேட்டாரு. எப்சிபான்னேன். மனுசனுக்கு முகம் மலர்ந்துட்டு. "அட, எங்க பேரு!"ன்னாரு. எந்த ஊருன்னாரு. நாசரேத்துன்னேன். கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்தாரு. "எந்த நாசரேத்து?" "ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன்"னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, விழுந்து விழுந்து சிரிச்சாரு.

வேலை கொடுத்துட்டாங்க. கண்டிசன் ரெண்டு. இயேசு பேரை எடுக்கக் கூடாது. எழுத்து மட்டுந்தான் சொல்லிக் கொடுக்கணும், ஜெபத்தை அங்க இருந்த பெரியவரு ஒருத்தரு பாத்துக்கிடுவாரு. அந்தப் பெரியவரு ஒரு வருஷத்துல மக வீட்டோட இருக்க இஸ்ரவேலுக்குப் போயிட்டாரு. அப்புறம் ஜெபமும் என் தலையில. அதுக்குத்தான் ரூபன் காக்கா என்னை உக்கார வச்சு ஒரு முறை சொன்னாரு. அத நீங்க நல்லாக் கேட்டுக்கிடணும். எல்லாம் அதுலதான் இருக்கு.

ஆண்டவர் பேரு எபிரெயத்துல நாலு எழுத்து. உங்களுக்குத் தெரியும். நாம பாத்தா யெகோவான்னு படக்குன்னு வாசிச்சுட்டுப் போயிருவோம். அவங்க வாசிக்கமாட்டாங்க. எங்கம்மா எங்கப்பா பேரைச் சொல்லமாட்டாங்க; ரேஷன் கடையில கேட்டா என் முதுகுல இடிச்சு "நீ சொல்லுட்டீ"ம்பாங்க. அந்த மாதிரி வச்சுக்கிடுங்க. ஜெபம் பண்ணையில அந்த நாலெழுத்து வந்தா "அதோனாய்"ம்பாங்க. ஆண்டவர்னு அர்த்தம். அந்த அதோனாயக்கூட சும்மா வாயில போட்டு உருட்டக் கூடாது. வகுப்புல, ஒத்திகையில, பேச்சுல எல்லாம் "ஹஷேம்". அந்தப் பேருன்னு அர்த்தம். ஆக, படிக்கையில ஹஷேம். நெசமா ஜெபம் பண்ணையில அதோனாய். ரூபன் காக்கா எனக்கு ரெண்டு தடவை சொன்னாரு. "மாத்திச் சொன்னா அது ஜெபமே இல்ல டீச்சர்"னாரு. ரெண்டு தடவை சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை நம்ம கோயில் முடிஞ்சு, சோறு ஆக்கி வச்சுட்டு, மூணு மணிக்கு அங்க இருப்பேன். ஒன்பது பிள்ளைங்க. நம்ம வேதாகமத்துல நூத்திப் பத்தொம்பதாம் சங்கீதத்துல ஆலெப், பேத், கிமெல்னு தலைப்புப் போட்டிருக்கும்லா, சின்னப் பிள்ளையில அத என்னவோ மந்திரம்னு நினைச்சிருக்கேன். அந்த எழுத்தை நான் போர்டுல போட, யூதப் பிள்ளைங்க என் வாயைப் பாத்துத் திருப்பிச் சொல்லும். நான் எழும்புன்னா எழும்பும், உக்காருன்னா உக்காரும். உங்களுக்குப் பிரசங்கபீடம் எப்பிடியோ, எனக்கு அந்த வகுப்பு அப்பிடி. இதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

அதுல ஒரு பையன் எஸ்றா. ஃப்ளோரா மகன்தான். தகப்பன் இல்ல, இறந்துட்டாரு. எங்கிட்ட வரும்போது பதினொரு வயசு. இடதுகைக்காரன். பள்ளிக்கூடத்துல எழுதுனா எழுதுன மையெல்லாம் அவன் கையில ஈசும், நோட்டெல்லாம் அழுக்கு, வாத்திமாருகிட்ட ஏச்சு. எபிரெயம் வலதுலருந்து இடதுக்குப் போற எழுத்துல்லா. முதல் நாள் ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டு எங்கிட்ட ஓடி வந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனான். "டீச்சர், அழுக்கே இல்ல!" அன்னையிலருந்து என் பின்னாலயே திரிவான். ஸ்டேஷன் வரைக்கும் என் பையத் தூக்கிக்கிட்டு வருவான். நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அது கல்வெட்டு.

பதிமூணு வயசு முடிஞ்சா அவங்க பையன் மேடையேறி, தோராங்கிற வேதச் சுருளுக்கு முன்னால நின்னு, ஆசீர்வாதம் சொல்லி வாசிக்கணும். பார் மிட்ஸ்வான்னு பேரு. நம்ம திடப்படுத்தல் மாதிரி, ஆனா இது ஒத்தப் பிள்ளைக்கு, ஊரே கூடி. எஸ்றாவுக்கு அதுக்காக ரெண்டு வருஷம் உருப்போட்டுக் கொடுத்தேன். அவங்க ஜெபம் பண்ணப் பத்து ஆம்பளை சேரணும். அந்த ஊர்ல பத்துப் பேரு சேருறது பண்டிகைக்குத்தான். ஃப்ளோராவுக்கோ நாளொரு ஷிப்டு. அதனால பையன் ஜெப ஆலயத்துல ஜெபம் கேட்டதே அவங்க வருஷப் பிறப்புக்கு மட்டுந்தான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. பார் மிட்ஸ்வாவுக்கு ஆறு வாரம் இருக்கையில ஓரென்னு ஒரு பையன் வந்தான். அந்த ஜனத்துலயே பிறந்து, இஸ்ரவேல்ல அஞ்சு வருஷம் முறையாப் படிச்சவன். கமிட்டியில என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, டீ கொடுத்து, "எஸ்றாவ மட்டும் முடிச்சுக் கொடுங்க டீச்சர், அதுக்கப்புறம் பிள்ளைகள ஓரென் பாத்துக்கிடுவான்"னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. குறை சொல்ல முடியாது. அவங்க பிள்ளை, அவங்க ஜெபம். நான் யாரு?

அப்புறம் அழைப்பிதழ் வந்துச்சு. நல்ல தடிச்ச அட்டை, தங்கக்கலர் எழுத்து. எஸ்றா பேரு, தகப்பன் பேரு, ஃப்ளோரா பேரு. கடைசி வரியில, "ஆயத்தம் செய்தவர்: ஓரென்". வந்து ஆறு வாரங்கூட ஆவலை ஐயா அவன். ஃப்ளோரா போன்ல அழுதுட்டா. "கமிட்டியில அச்சடிச்சுட்டாங்க, நான் கவனிக்கலை டீச்சர்"னா. "அட, என் பேரு வந்தா என்ன, வராட்டா என்ன, பிள்ளை நல்லாச் சொன்னாப் போதும்"னேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்த அட்டை இப்பவும் எங்கிட்ட இருக்கு. பீரோவுல.

வியாழக்கிழமை வச்சாங்க. வியாழக்கிழமையும் சுருள் வாசிக்க நாள்தான். சனிக்கிழமைன்னா போட்டோ எடுக்க முடியாது. பொம்பளைங்களுக்கு மாடியில இடம். நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்காந்தேன். கீழ எஸ்றா வெள்ளைச் சட்டை, தலையில புதுக் குல்லா, தோள்ல சால்வை. மேடைக்குப் போனான்.

முதல்ல அவன் "ஆண்டவரை வாழ்த்துங்க"ன்னு கூப்பிடணும், அங்க இருக்க ஆம்பளைங்க எல்லாரும் சத்தமாப் பதில் சொல்லணும். அதுதான் ஆரம்பம். பையன் கணீர்னு, "பாரெகூ எத் ஹஷேம்"னான்.

ஒருத்தரும் பதில் சொல்லலை. எப்பிடிச் சொல்லுவாங்க? கூப்பிட்டதே ஜெபம் இல்லையே.

பாவம், சத்தம் பத்தலைன்னு நினைச்சுட்டான் போல. இன்னும் சத்தமா, "ஹஷேம்"னான். பின்னால ரெண்டு பயலுவ களுக்குன்னு சிரிச்சானுவ. ரூபன் காக்கா பக்கத்துல போயி, "அதோனாய், மகனே, அதோனாய்"னு எடுத்துக் கொடுத்தாரு. எஸ்றா நிமிந்து மாடியப் பாத்தான். நேரா என்னையப் பாத்தான். நான் குனிஞ்சு முந்தானையச் சரி பண்ணுனேன்.

சொன்னான். ஆனா அடுத்த ஆசீர்வாதத்துல மறுபடியும் ஹஷேம். ரெண்டு வருஷம் உருப்போட்ட நாக்கு அஞ்சு நிமிஷத்துல திரும்புமா? பக்கத்துல நின்னவங்க எடுத்துக் கொடுக்க, அவன் திருத்த, அடுத்த வரியில மறுபடி வழுக்க. சிரிப்பை அடக்கப் பாத்து நாலஞ்சு பேரு இருமுனாங்க. கடைசியில பிள்ளைக்குக் குரலே வரலை. ஏழு வரி மனப்பாடமா வச்சிருந்தான். ஒரு புள்ளி பிசகாம வாசிப்பான் ஐயா. அந்த ஏழு வரிய ஓரென் வாசிச்சு முடிச்சான்.

எல்லாம் முடிஞ்சு கீழ பலகாரம் கொடுத்தாங்க. ஓரென் கெட்ட பையன் இல்ல. அவன் கேட்டதுலயும் தப்பில்ல. "வகுப்புல ஹஷேம்னு சொல்லுறதுதான். ஒத்திகையில நானும் அதத்தான் கேட்டேன். அன்னைக்கு மாத்திச் சொல்லணும்னு இவனுக்கு யாருமே சொல்லலையா?"ன்னான். அம்புட்டுப் பேரு கண்ணும் என் மேல திரும்புச்சு.

நான் வாயத் திறக்கதுக்குள்ள எஸ்றா சொன்னான். "டீச்சர் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

ஃப்ளோராவுக்கு வந்துச்சே கோவம். "ரெண்டு வருஷம் ரயில் ஏறி வந்து பாடுபட்டாங்களே, ஒரு வார்த்தை உனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சா"ன்னு எல்லாரு முன்னாலயும் அவன் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சா. அவன் அசையலை. நான் பாத்துக்கிட்டு நின்னேன். ரூபன் காக்கா, "நீங்க மனசுல வச்சுக்காதீங்க டீச்சர், பிள்ளைகன்னா அப்பிடித்தான்"னு எனக்கு ஆறுதல் சொன்னாரு. தேங்காப்பால் அல்வா ஒரு டப்பா கொடுத்தாங்க. அதையும் வாங்கிக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்காரவுககிட்ட, "சொல்ல மறந்துட்டேங்க, அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிட்டான்"னு சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு"ன்னாவுக. இத்தனை வருஷமா நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மறக்கலை ஐயா.

நீங்க அப்பிடிப் பாக்காதீங்க, சொல்லி முடிச்சிருதேன். அந்த வியாழக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கடைசி ஒத்திகை. மத்தப் பிள்ளைங்க போயிட்டு. எஸ்றா போர்டைத் துடைச்சுக்கிட்டே கேட்டான், "டீச்சர், வருஷப் பிறப்புக்கு வந்தப்ப பெரியவங்க ஹஷேம்னு சொல்லலை, அதோனாய்னு சொன்னாங்க. நான் வியாழக்கிழமை எதைச் சொல்லணும்?"

கேட்டான் ஐயா. வாயத் திறந்து கேட்டான். அந்த அட்டை அப்ப என் கைப்பையில இருந்துச்சு. நான் கையில இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கிட்டே, "நான் சொல்லிக் கொடுத்தபடி சொல்லு"ன்னேன்.

என்ன நினைச்சேன்? ஓரென்தான ஆயத்தம் செய்தவன், அவன் சொல்லட்டுமேன்னு நினைச்சேன். ஒரு இடத்துல சின்னதா ஒரு தடுமாற்றம் வந்தா, அந்த டீச்சர் இல்லாம சரிப்படாதுன்னு கமிட்டிக்கு உறைக்கும்னு நினைச்சேன். பிள்ளைக்கு இவ்வளவு தூரம் ஆவும்னு நினைக்கலை. அதுவும் பொய்யோ என்னவோ. எண்பத்தேழு மார்க் வாங்குனவளுக்கு, அந்த வார்த்தை அந்தப் பிரார்த்தனையில எத்தனை இடத்துல வருதுன்னு தெரியாதா?

பத்து நாள் போச்சு. சொல்லிருவோம்னு முடிவு பண்ணி ஃப்ளோரா வீட்டுக்குப் போனேன். மூணாவது மாடி. எஸ்றா உள்ளறையில இருந்தான், வெளிய வரலை. ஃப்ளோரா டீ போட்டுக் கொடுத்துட்டு, "இஸ்ரவேல் போக எங்களுக்குக் காகிதம் வந்துட்டு டீச்சர், ரெண்டு மாசத்துல கிளம்புறோம்"னா. "அங்க இவனை மறுபடி மேடைக்குக் கூப்பிடுவாங்க. இனி ஏறவே மாட்டேங்கான். புத்தகத்தையே தொடமாட்டேங்கான். நீங்க சொன்னாத்தான் கேப்பான், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க"ன்னு என் கையைப் பிடிச்சா. வாய் வரைக்கும் வந்தத டீயோட முழுங்கிட்டேன். அவ என்னைக் கும்பிடாத குறையா உக்காந்திருக்கா. அவ முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்ல? பையன்கிட்டச் சொல்லிருவோம், அதுதான் முக்கியம்னு நினைச்சுக்கிட்டேன்.

கிளம்பையில அவனே வழியனுப்ப வந்தான். பழக்கம் விடாம என் பைய வாங்கிக்கிட்டான். ரெண்டு மாடி இறங்குனோம். கீழ் மாடித் திருப்பத்துல நின்னான்.

"டீச்சர், எல்லாரும் நான் தப்பாச் சொன்னேங்காங்க. ஆனா நான் உங்ககிட்டக் கேட்டேன். நீங்க யோசிச்சுத்தான சொன்னீங்க? கொச்சியில ஒரு மாதிரி, ஏமன்ல ஒரு மாதிரி, ஊருக்கு ஊரு முறை மாறும்னு வகுப்புல சொல்லுவீங்களே. நீங்க சொன்னதும் ஒரு முறைதானா? அவங்களுக்குத்தான் தெரியலையா?"

பதிமூணு வயசு. அம்புட்டுப் பேரு சிரிச்சும், அம்மாகிட்ட அடி வாங்கியும், என் மேல அவனுக்கு ஒரு சந்தேகம் வரலை ஐயா. நான் தப்பாச் சொல்லியிருப்பேன்னு அவன் புத்திக்கு எட்டவே இல்ல. வேத்து ஜாதிக்காரி, எல்லாருமாச் சேந்து என்னை ஏசிருவாங்கன்னு பயந்து, எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். இப்ப என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கான்.

"ஆமாய்யா"ன்னேன். "அதுவும் ஒரு முறைதான்."

அவன் முகம் அப்பிடியே தெளிஞ்சு போச்சு. "எனக்குத் தெரியும் டீச்சர்! அப்பன்னா அங்க கூப்பிட்டா நான் மேடைக்குப் போவேன். நம்ம முறையிலதான் சொல்லுவேன்"னான். பைய எங்கிட்டக் கொடுத்துட்டு, அம்மாகிட்டச் சொல்லணும்னு ரெண்டு ரெண்டு படியாத் தாவி மேல ஓடுனான். கூப்பிட்டிருந்தா நின்னிருப்பான். நான் கூப்பிடலை.

ரெண்டு மாசத்துல போயிட்டாங்க. அந்த ஊர்ல எந்த மேடையில அவனைக் கொண்டு நிறுத்துனாங்களோ, கணீர்னு என்ன சொன்னானோ, எத்தனை பேரு சிரிச்சாங்களோ. என்னை நம்பித்தான் சொல்லியிருப்பான்.